பத்துக்கு இரண்டு

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நர்ஸ் வருவதாக ஏற்பாடு. ஒன்பதே முக்காலுக்கே டீச்சர் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டாள். மணி அடித்தால், வந்திருப்பது யார் என்று அப்பா கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அவளிடம் இன்னும் தயாராக இல்லை.

டீச்சர் என்றதும் கரும்பலகையும் சாக்பீஸும் உங்கள் நினைவுக்கு வந்தால், அது இவள் இல்லை. இவள் பதினெட்டு வருஷமாக ஊர்க்காரர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பயிற்சிக் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வேறு யார் காரில் போனாலும் அவள் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். வீட்டு விஷயங்களிலும் அக்கா அப்படித்தான் என்பது தம்பியின் நெடுநாள் புகார்.

தம்பி தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறவன். கதவைத் தட்டி, உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் பேசுகிற தொழில். ‘வேண்டாம்’ என்ற சொல் அவன் காதில் ஏறவே ஏறாது. மூன்று தடவை வேண்டாம் என்றவர்கள்தான் நாலாவது தடவை வாங்குவார்கள் என்பது அவன் அனுபவத்தில் கண்ட பாடம்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் அப்பா, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

கதையின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பாவுக்கு நுரையீரலில் வந்த புற்றுநோய் முதுகெலும்புவரை போய்விட்டது. மூன்று சுற்று கீமோ முடிந்தது. வியாழக்கிழமை பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டி குறையவில்லை, கொஞ்சம் வளர்ந்தும் இருக்கலாம் என்றார். இனி இரண்டு வழி. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலாவது சுற்றைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேரில் ஒருவருக்கு அது சில வாரங்களோ, சில மாதங்களோ கூட்டித் தரும். அல்லது கீமோவை நிறுத்திவிட்டு ஹாஸ்பிஸ் கவனிப்புக்கு மாறலாம். நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு, இருக்கிற நாட்களை வலியில்லாமல் வீட்டிலேயே கழிக்க உதவுவார்கள்.

டாக்டர் முதல் வழிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். ஸ்கேன் எப்படி இருந்தாலும் வலி நன்றாகக் குறைந்து வருகிறதே, மருந்து எங்கோ வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்றார். தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். டீச்சர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து, தம்பிக்குத் தெரியாமல் ஹாஸ்பிஸுக்குப் போன் செய்து, சும்மா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்களேன் என்று கேட்டுக்கொண்டாள்.

இதில் அப்பாவின் எண்ணம் என்ன என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் ‘நீங்களே பார்த்துச் சொல்லுங்க’ என்பார் என்று இரண்டு பேரும் அவரவர் வசதிக்கு நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தட்டையான செருப்பு, தோளில் ஒரு பெரிய பை. சோபாவைக் காட்டினாள் டீச்சர். நர்ஸ் அதில் உட்காராமல், சமையலறை முக்காலியை இழுத்து வந்து அப்பாவின் முழங்காலுக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

“நான் ஹாஸ்பிஸ்லேருந்து வர்றேங்க. உங்க பொண்ணு கூப்பிட்டாங்க. எதையும் முடிவு பண்ண வரலை. உங்களைப் பார்த்துட்டுப் போக வந்திருக்கேன்.”

டீச்சர் இரண்டு நாளாக மாற்றி மாற்றி யோசித்த பொய்கள் எல்லாம் வீணாகிவிட்டன. அப்பா மகளை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. “நல்லாப் பாருங்க” என்றார் நர்ஸிடம்.

அப்பா முப்பத்தேழு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். உயரமான கட்டடங்களில் மொட்டை மாடிக்கு ஏறி, மெஷின் அறைக்குள் புகுந்து, கம்பிக்கயிறு எத்தனை இழை அறுந்திருக்கிறது, பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, கடைசியில் பத்துக்கு ஒரு மார்க் போட்டுக் கையெழுத்திட்டு வருவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டீச்சர் முதன்முதலாக வைத்த சூப்புக்கு நாலு. தம்பியின் மீசைக்கு மூன்று. மாப்பிள்ளை டீச்சரைப் பெண் பார்க்க வந்த அன்று, அவர் போன பிறகு, “ஏழு போடலாம்” என்றார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது, மாப்பிள்ளை இன்னும் எட்டைத் தொடவில்லை.

நர்ஸ் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டாள்.

“உட்கார்ந்துதான்.”

“எத்தனை நாளா?”

“ஒரு பத்து நாளா.”

நாற்காலியில் தூங்குவது டீச்சருக்கும் தெரியும். ஜன்னல் காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அவளும் அதை நம்பி நாற்காலிக்கு இன்னொரு தலையணை கொடுத்திருந்தாள்.

நர்ஸ் வலி அட்டையைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீளமான மஞ்சள் அட்டை அது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி, “அப்பா, இன்னிக்குப் பத்துக்கு எவ்வளவு?” என்று கேட்பார்கள். அவர் சொல்லும் எண்ணைக் கட்டத்தில் எழுதுவார்கள். பதினொரு வாரமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஏழில் தொடங்கி, ஆறு, ஐந்து என்று இறங்கி, இந்த வாரம் முழுக்க இரண்டு. டாக்டர் பார்த்துச் சந்தோஷப்பட்டது இந்த அட்டையைத்தான்.

நர்ஸ் அட்டையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் நாற்காலியின் விளிம்பில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். கால் விரல்கள் உள்பக்கம் மடங்கியிருந்தன. மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

“ஐயா, ரெண்டுன்னு சொல்லியிருக்கீங்களே. ரெண்டுன்னா எப்படி இருக்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்.”

அப்பா இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார்.

“ரெண்டுன்னா ஆளை ஏத்தக் கூடாதுங்க. சாமான் மட்டும் ஏத்தலாம். அதுவும் ஒருத்தர் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருக்கணும். ஒண்ணுன்னா யோசிக்கவே வேண்டாம், பூட்டிடணும்.”

“பத்துன்னா?”

“பத்துன்னா புதுசு. ஒரு குறையும் இல்லை.”

பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி என்று ஆஸ்பத்திரி மேஜையில் விளக்கமாகச் சொன்னார்கள். சொன்னது டீச்சரிடம். அப்பா அப்போது ஸ்கேன் அறைக்குள் இருந்தார். அவள் வீட்டுக்கு வந்து ‘பத்துக்கு எவ்வளவு’ என்று மட்டும் கேட்டாள். அவர் தன் உடம்பைச் சோதித்து, தனக்குத் தெரிந்த கணக்கில் மார்க் போட்டார். நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்.

வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. இந்த வீட்டில் நடந்திருக்கவே கூடாது. இவர் மார்க் போடும் விதம் தெரிந்து வளர்ந்தவள் அவள்.

எண் இறங்கியதால் போன மாதம் வலி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்தப் பாதி மாத்திரையைக் கத்தியால் நறுக்கிக் கொடுத்ததும் அவள்தான். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்று அழுதாள்.

திரும்பி வந்தபோது நர்ஸ் பாதி விஷயத்தை அப்பாவுக்கு விளக்கிவிட்டிருந்தாள். அவர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் குறைஞ்சிருக்கு குறைஞ்சிருக்குன்னார். நோயைச் சொல்றார்னு நினைச்சேன்மா. மருந்து வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும் போலிருக்குன்னு பொறுத்துக்கிட்டேன்.”

“வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்லக் கூடாதாப்பா?”

“அதான் தினம் சொன்னேனே.”

அப்பாவே, பரவாயில்லை, அச்சடித்தவன் எந்தப் பக்கம் வலி என்று இரண்டு ஓரத்திலும் எழுதிவைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி அட்டையின் மேல் பழியைப் போட்டார். எழுதித்தான் இருந்தது, பொடி எழுத்தில். அவர் கண்ணாடி இல்லாமல் அட்டையைப் பிடித்திருந்தார்.

நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தாள். பத்து நிமிஷம் பேசினாள். பிறகு டீச்சரை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். மார்ஃபின் என்ற வலி அடக்கும் திரவ மருந்தை இன்றே தொடங்கலாம். மருந்துச் சீட்டு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் தயாராக இருக்கும். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சின்ன அளவு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதலில் தூக்கம் வரும், ஏனென்றால் இத்தனை நாள் தூங்காத உடம்பு. ஹாஸ்பிஸ் என்பதும் கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது இல்லை, மனசு மாறினால் திரும்பிப் போகலாம்.

“திங்கட்கிழமை விஷயத்தை அவர்கிட்டயே பேசுங்க. ஆனா வலி அடங்கினதுக்கு அப்புறம் பேசுங்க” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் தலையாட்டினாள்.

மருந்து வாங்கி வர தம்பியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் வேலை பார்க்கும் பகுதியிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு தெரு தூரம். போனில் அவள் விவரம் சொல்லவில்லை. ஹாஸ்பிஸ் நர்ஸ் வந்திருந்தாள், இந்த மருந்தை வாங்கிக்கொண்டு உடனே வா என்று மட்டும் சொன்னாள். “வர்றேன்” என்று வைத்துவிட்டான். பேச்சையே தொழிலாக வைத்திருப்பவன் ஒரே வார்த்தையில் முடித்தால் கோபம் என்று அர்த்தம்.

பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் படியேறி வந்து, உள்ளே வராமல், படிக்கட்டு முகப்பிலேயே அக்காவைக் கூப்பிட்டான். டை கழுத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வரவழைச்சிருக்கே.”

“சொன்னா வரவிட்டிருக்க மாட்டே.”

அது உண்மைதான் என்பதால் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது. நாலாவது சுற்றைக் கலைப்பதற்கு அவள் முதலிலிருந்தே ஆள் சேர்க்கிறாள் என்றான். டாக்டரைவிட அவளுக்கு அதிகம் தெரியுமா என்றான். அப்பாவின் நம்பர் இரண்டுக்கு வந்துவிட்ட நேரத்தில் எந்தப் புத்தியுள்ளவனாவது மருந்தை நிறுத்துவானா என்றான்.

அவள் மென்று விழுங்காமல் நம்பர் விஷயத்தைச் சொன்னாள். ஏழு என்ன, இரண்டு என்ன, பாதி மாத்திரை என்ன, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டட்டும் என்று நின்றாள்.

தம்பி படியில் உட்கார்ந்துவிட்டான். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

“ஞாயித்துக்கிழமையெல்லாம் நான்தானேக்கா கேட்டு எழுதினேன்” என்றான். “போன வாரம் ரெண்டுன்னார். சபாஷ்பான்னு கையைக் குலுக்கினேன். அவரும் சிரிச்சார்.”

அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயசில் தப்புச் செய்துவிட்டு வீட்டுக்குள் போகப் பயந்து இப்படி எத்தனையோ படிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போதும் யார் முதலில் உள்ளே போவது என்பதில்தான் சண்டை வரும்.

ஆனால் தம்பி தம்பிதான். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாதத்தை எடுத்தான். வலி மருந்தைத் தப்பாகக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதானே? அதைச் சரி செய்துவிட்டால் நாலாவது சுற்றை இன்னும் தெம்பாகத் தாங்குவாரே?

“அந்த நாலாவது சுற்றே இந்த நம்பரைப் பார்த்துச் சொன்னதுதான்டா.”

அவன் சட்டென்று எழுந்தான். “சரி. அவர்கிட்டயே கேட்டுடலாம். இப்பவே.”

நர்ஸ் சொன்னது டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் மருந்தைக் கொடுப்போம், அப்புறம் கேட்கலாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவள் சொல்லவில்லை. காலையில் அப்பா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தவள் அவள். இப்போது கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். பிரேக்கை மிதித்தே பழகிய கால் அன்றைக்கு அசையாமல் இருந்தது.

தம்பி காலையில் நர்ஸ் உட்கார்ந்த அதே முக்காலியில் போய் உட்கார்ந்தான். வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரலை அவன் எடுக்கவில்லை. ஸ்கேனில் இருப்பதை அப்படியே சொன்னான். திங்கட்கிழமைக்குப் படுக்கை சொல்லி வைத்திருப்பதையும், ஐந்தில் ஒருவர் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம் என்றான்.

“இன்னும் ஒரு தடவை பார்க்கலாம்பா.”

“வேண்டாம்பா.”

வலி மருந்து வந்துவிட்டது, இனி இப்படி இருக்காது என்றான் தம்பி. ஆஸ்பத்திரியில் தானே கூட இருந்து பார்த்துக்கொள்வதாகவும், ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

“வேண்டாம். போதும்.”

“எனக்காகப்பா.”

அப்பா கைப்பிடியிலிருந்து இடது கையைக் கஷ்டப்பட்டு எடுத்து மகனின் தலைமேல் வைத்தார். “வேண்டாம்டா” என்றார்.

நாலாவது தடவை தம்பி கேட்கவில்லை.

எழுந்து பால்கனிக்குப் போனான். ஆஸ்பத்திரிக்கு அவனே போன் செய்தான். தான் செய்கிறேன் என்று அக்கா கை நீட்டியதற்கு, திங்கட்கிழமைப் படுக்கையைக் கேட்டு வாங்கியது நான், நானே வேண்டாமென்று சொல்கிறேன் என்றான். அங்கே இருந்த பெண் நல்லவளாக இருக்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம், மனசு மாறினால் கூப்பிடுங்கள் என்று சொன்னாளாம். அதையும் தம்பி வந்து ஒப்பித்தான்.

மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து டீச்சர் அப்பாவின் வாயோரமாக விட்டாள். அளவுக் கோட்டைப் பார்த்துப் பார்த்து மூன்று தடவை சரி செய்தாள். அப்பா முகத்தைச் சுளித்தார்.

“ருசிக்கு ஒண்ணு கூடப் போட முடியாது” என்றார்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு, கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் படுத்துத் தூங்கினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மத்தியானம் சமையலறையில் ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டார்கள். தம்பி யாரும் சொல்லாமலே பாத்திரங்களைக் கழுவினான். அவன் வீட்டில் ஒரு தட்டைக்கூட நகர்த்தாதவன் என்று அவன் மனைவி சொல்லிக் கேள்வி. கழுவிக்கொண்டே பேசினான், முதுகைக் காட்டியபடி. அவனுடைய பயமெல்லாம் ஒன்றுதானாம். நிறுத்திவிட்டு, அப்பா போன பிறகு, நீதான் அவரைக் கைவிட்டாய் என்று தன் மனசே தன்னைக் கேட்டுவிடுமோ என்கிற பயம்.

டீச்சர் தன் பயத்தைச் சொன்னாள். நிறுத்தாமல் இருந்து, கடைசி நாட்களை ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துக்கொண்டே அவர் கழித்துவிட்டால், அதற்கும் ஒரு கேள்வி வருமே என்றாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு அவர்கள் முகம் கொடுத்துப் பேசியது அப்போதுதான்.

நாலேகால் மணிக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. “கண்ணாடி எங்கே வெச்சீங்க?”

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார், தானாகவே. முகம் தெளிந்திருந்தது. இந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று டீச்சர் கணக்குப் போட்டாள், முடியவில்லை. பால் கேட்டார், முழு டம்ளரும் குடித்தார். ஷேவ் செய்துகொள்ள வேண்டும் என்றார். தம்பி முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்க, தானே ரேசரை எடுத்துக் கன்னத்தை இழுத்து இழுத்து மழித்துக்கொண்டார். நடுவில் தம்பியின் டையைப் பார்த்து, யாராவது கழுத்தை நெரிக்க வந்தார்களா என்று கேட்டார்.

“எவ்வளவுப்பா இப்ப?” என்றாள் டீச்சர், அட்டையைத் தொடாமல்.

“உன் கணக்குல மூணு. என் கணக்குல ஏழு. மாப்பிள்ளை அளவுக்கு வந்துட்டேன்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கியதும், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார். எதிர்க் கட்டடத்தில் யாரோ உலர்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் துணி உள்ளே போகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் திங்கட்கிழமைப் படுக்கை” என்றார். “அதை வேற யாருக்காவது கொடுத்துட்டாங்களா?”

தம்பியின் கையில் கண்ணாடி அப்படியே நின்றது. பேச வாயெடுத்தான். எடுத்தவன், என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

ஒரு வார்த்தை போதும். கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடும். அப்பா சரி என்பார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே மாட்டார். வீட்டில் இருப்பார், படுத்துத் தூங்குவார், பால் குடிப்பார். வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது.

“கொடுக்கலைப்பா. நாளைக்கு ஆறு மணி வரைக்கும் வெச்சிருக்காங்க. வேணும்னா கேட்கலாம்.”

அப்பா தலையாட்டினார்.

“மத்தியானம் வேண்டாம்னேன். அது வலி சொன்னது. அது குறுக்கே நின்னா நான் எங்கேருந்து யோசிக்கிறது?” துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “வேணும்னும் சொல்லலை. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் என்கிட்ட எதுவும் பேசாதீங்க.”

தம்பி சரி என்றான். மெதுவாகச் சொன்னான். அவன் முகத்தில் ஜெயித்த களை ஏதாவது இருக்கிறதா என்று டீச்சர் பார்த்தாள். இல்லை. அவன் அப்பாவின் தாடையில் ஒட்டியிருந்த சோப்பு நுரையைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா நாளைக்கும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும் என்று தான் எவ்வளவு ஆசைப்படுகிறோம் என்பது அந்த நடையில்தான் அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்த ஆசை அவருக்காகவா, அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாத தனக்காகவா என்று சமையலறை வாசலில் நின்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.